காணவில்லையா? தேடவில்லையா?

வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர். ஆறாம் வகுப்பு, 'அ' பிரிவு. பெயருக்கு நேரே ஒரு மாதம் முழுவதும் 'வரவில்லை' என்ற குறி. அடுத்த மாதமும் அப்படியே. நெடுநாள் வராத மாணவனின் பெயரை நீக்கிவிடுவது பள்ளிக்கூடத்து வழக்கம். நீக்குவதற்காக நாம் பேனாவை எடுத்த அன்று, அந்தப் பையனின் தாய் வாசலில் வந்து நின்றார். ஆம்பூரை அடுத்த சிற்றூர்க்காரர். காலணித் தொழிற்சாலையில் மேல்தோல் தைப்பவர். "பேரை மட்டும் அடிச்சிடாதீங்க, சார். நாளைக்கு அவன் வந்தா எங்க உட்காருவான்?" என்றார். பேனாவை மூடி வைத்தோம்.

ஆண்டுகள் நான்கு உருண்டோடிவிட்டன. பள்ளி திறக்கும் நாளில் ஆண்டுதோறும் அந்தத் தாய் வருகிறார். சென்ற முறை வந்தபோது, "இப்ப அவன் காலுக்கு என்ன அளவு செருப்பு சேரும், சார்?" என்று கேட்டார். கடல் கடந்த நாடுகளின் குழந்தைகளுக்கெல்லாம் காலணி தைக்கும் கைகள் அவை. முகமறியாத பிள்ளையின் கால் அளவு அந்தக் கைகளுக்குத் தெரியும். பெற்ற பிள்ளையின் கால் அளவு தெரியாது! இந்தக் கொடுமைக்கு என்ன பெயரிடுவது?

ஊர் பெயரிட்டுவிட்டது, தோழர்களே! "பையன் காணாமற் போய்விட்டான்" என்கிறது ஊர். கயிற்றை அறுத்துக்கொண்டு மாடு போனதுபோல, காற்றிலே மேகம் கலைந்து போனதுபோல, அவனாகவே போய்விட்டானாம்! கொண்டுபோனவன் எவன்? பார்த்தவன் எவன்? தேடக் கடமைப்பட்டவன் எவன்? தேடாதிருந்தவன் எவன்? இந்த நான்கு கேள்விகளையும் விழுங்கிவிட்டு ஏப்பமிடும் சொல் அது. ஆகவேதான் நாம் திருப்பிக் கேட்கிறோம்: பிள்ளையைக் காணவில்லையா, அல்லது நீங்கள் தேடவில்லையா?

வீண் ஆத்திரத்தில் கேட்கும் கேள்வி அல்ல இது, கணக்கு இருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் காணவில்லை என்று பதிவான குழந்தைகள் 83,350 பேர். அவர்களில் பெண் குழந்தைகள் 62,946 பேர். இது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் தந்த எண்ணிக்கை. முந்தைய ஆண்டுகளில் தொலைந்தவர்களையும் சேர்த்து, அதே ஆண்டில் மீட்கப்பட்டவர்கள் 80,561 பேர் என்றும் அந்தக் காப்பகமே கூறுகிறது. இதன் பொருள் என்ன? தேடினால் கிடைக்கிறார்கள் என்பதுதானே! கிடைக்காத பிள்ளையின் வீட்டுக்குப் போய், "எல்லாம் தலையெழுத்து" என்று ஆறுதல் கூறுவோரே, பதிவாகித் தேடப்பட்ட பிள்ளையின் தலையெழுத்து மட்டும் எப்படி மாறிற்று? தலையில் எழுதியவன் அழித்து எழுதினானா? காவல் நிலையத்து ஏட்டில் எழுதியதால் மாறிற்றா?

இறந்துபோன குழந்தைக்காகத் தாய் அழுவாள். ஊர் கூடி அழும். காலம் அந்தப் புண்ணை மெல்ல ஆற்றும். தொலைந்த குழந்தைக்கு அழவும் முடியாது, அழாதிருக்கவும் முடியாது. அழுதால், "உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு அழலாமா?" என்பார்கள். அழாவிட்டால், "கல்நெஞ்சக்காரி" என்பார்கள். அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் என்னும் அம்மையார் இத்தகைய துயரை ஆராய்ந்து, 'தெளிவற்ற இழப்பு' என்று பெயர் தந்தார். முடிவு தெரியாத துயருக்கு முடிவே கிடையாது என்பதுதான் அதன் சாரம்.

நாம் சொன்ன வீட்டிலே நடந்ததைக் கேளுங்கள். தந்தை வேலையை விட்டார், ஊர் ஊராக அலைந்தார், கடன் ஏறிற்று. காவல் நிலையத்துக்குப் போன ஒவ்வொரு நாளும் தாய்க்கு ஒரு நாள் கூலி போயிற்று. பையனின் அக்காள் ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தப்பட்டாள். "ஒன்றைத் தொலைத்தோம், இதையும் தொலைக்க மாட்டோம்" என்றார்கள். இப்போது அவளுக்கு மாப்பிள்ளை தேடுகிறார்கள். பதிவேட்டிலே ஒரு பெயருக்கு நேரே குறி விழுந்தது. பள்ளிக்கூடம் இழந்ததோ இரண்டு பிள்ளைகளை!

இதிலே ஊராரின் நீதியும் சேர்ந்துகொண்டது. "தாய் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தால் இது நடக்குமா?" என்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை எங்கும் விடியற்காலையில் கம்பெனி வண்டிக்காகப் பெண்கள் சாரை சாரையாய்ச் சாலையோரம் நிற்பதை இவர்கள் கண்டதில்லையா? அந்தக் கூலியில்தான் உலை கொதிக்கிறது. கூலி வீட்டுக்கு வரும்போது அவள் உழைப்பாளி. பிள்ளை வீட்டுக்கு வராதபோது அவள் குற்றவாளியா? வேலைக்குப் போன தந்தையை நோக்கி ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லையே, ஏன்?

அடுத்து வருகிறார்கள் முக்காலமும் உணர்ந்தவர்கள்! வெற்றிலையில் மை தடவிப் பார்ப்பவர், சோழி உருட்டுபவர், கட்டம் போட்டுக் கிரகம் பார்ப்பவர், தாயத்துக் கட்டுபவர். கோயில், தர்கா, ஜெபக்கூடம் என்ற பேதமின்றி எல்லா வாசல்களிலும் இந்த வணிகம் நடக்கிறது. "வடகிழக்கே, நீர்நிலைக்கு அருகே இருக்கிறான், மூன்று மாதத்தில் வருவான்" என்றார் ஒருவர். நீர்நிலை இல்லாத வடகிழக்கு எங்கே இருக்கிறது? மூன்று மாதம் போய் முப்பது மாதம் ஆனபின், "வீட்டிலே தோஷம்" என்றார் அதே மனிதர். மையிலே பிள்ளை தெரியும் என்றால், மாவட்டத்துக்கு ஒரு மைக்காரரை அமர்த்திவிட்டுக் காவல்துறையைக் கலைத்துவிடலாமே!

அந்தத் தாயை நாம் பழிக்கவில்லை. கதவுகள் எல்லாம் அடைபட்டபின் திறந்திருக்கும் கதவை நோக்கி ஓடுவது மனித இயல்பு. நாம் பழிப்பது கதவைத் திறந்து வைத்துக் காசு பறிப்பவனை. அவனைவிடவும், திறந்திருக்க வேண்டிய கதவை மூடி வைத்தவனை! பிள்ளை தொலைந்த முதல் சில மணி நேரம் பொன்னினும் அரியது. பார்த்தவர் நினைவு மங்காத நேரம் அது. பேருந்து அடுத்த ஊரைத் தாண்டாத நேரம், காட்பாடியிலும் சோலையார்பேட்டையிலும் இரயில் நிற்கும் நேரம். அந்த நேரத்தையல்லவா பரிகாரமும் பட்டியலிட்ட காணிக்கையும் தின்றுவிடுகின்றன!

மூடநம்பிக்கை குறிக்காரன் வீட்டில் மட்டும்தான் குடியிருக்கிறதா? இல்லை. அலுவலகத்திலும் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறது. "சொந்தக்காரர் வீட்டில் தேடிவிட்டு நாளைக்கு வா" என்று அந்தத் தாயை ஒரு நிலையத்தில் திருப்பி அனுப்பினார்கள். 24 மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பெண் குழந்தை என்றாலோ, எழுதுகோலைத் தொடுமுன்னே, "எவனோடாவது ஓடியிருப்பாள்" என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது. பதினெட்டு வயது நிரம்பாதவள் எவனோடு போனாலும், அவள் தேடி மீட்கப்பட வேண்டிய குழந்தை அல்லவா? அந்த 62,946 பேரும் 'ஓடிப்போனவர்கள்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவார்களா?

சட்டம் தெளிவாக இருக்கிறது. 2013 மே 10 அன்று, 'பச்பன் பச்சாவோ ஆந்தோலன்' தொடுத்த வழக்கிலே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது: காணாமற் போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாரும் முதல் தகவல் அறிக்கையாகப் பதியப்பட வேண்டும், கடத்தல் என்றே தொடக்கத்தில் கருதி விசாரிக்க வேண்டும். சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் 2016-இல் வகுக்கப்பட்ட மாதிரி விதிகளின்படி, நான்கு மாதத்தில் குழந்தை கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற வேண்டும். "இது எங்கள் எல்லை அல்ல" என்று திருப்பி அனுப்பவும் இடமில்லை; எந்த நிலையத்திலும் புகாரைப் பதியலாம் என்பதை 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் உறுதி செய்கிறது. ஏட்டிலே இருக்கிறது எல்லாம். ஏழையின் காதுக்குத்தான் எட்டவில்லை.

எட்டாததன் விலை என்ன? டெல்லியை அடுத்த நொய்டாவில் நிதாரி என்று ஒரு சிற்றூர். 2005, 2006-ஆம் ஆண்டுகளில் அங்கே ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராய் மறைந்தார்கள். பெற்றோர் காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்தார்கள், தட்டிக் கழிக்கப்பட்டார்கள். 2006 டிசம்பர் இறுதியில், ஒரு பங்களாவை ஒட்டிய சாக்கடையிலிருந்து எலும்புகள் வெளிவந்தன. நாடே நடுங்கிற்று. வீட்டுக்காரருக்கும் வேலையாளுக்கும் தூக்குத் தண்டனை விதித்தார்கள். 2023 அக்டோபரில் அலகாபாத் உயர்நீதிமன்றம் புலனாய்வைக் கடுமையாகக் கண்டித்து அவர்களை விடுவித்தது. எஞ்சியிருந்த கடைசி வழக்கிலும் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வேலையாளை விடுவித்தது. தக்க சான்றின்றி எவரையும் தண்டிக்கலாகாது என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் பெற்றோரின் கேள்வி அப்படியே நிற்கிறதே! எங்கள் பிள்ளைகளைக் கொன்றவர் யார்? முதற் புகாரையே முறையாக விசாரித்திருந்தால், பின்னால் மறைந்த குழந்தைகளாவது பிழைத்திருக்க மாட்டார்களா?

வடக்கே நடந்த கதை என்று தள்ளிவிடாதீர்கள். 1990-களின் இறுதியில் சென்னைப் புளியந்தோப்பிலும் பிற ஏழைப் பகுதிகளிலும் தெருவோரம் உறங்கிய, விளையாடிய குழந்தைகள் களவு போனார்கள். ஆண்டுகள் பல கழித்து, 2005-இல்தான் காவல்துறை பலரைக் கைது செய்தது. 'மலேசியன் சோசியல் சர்வீசஸ்' என்ற தத்து நிறுவனத்தின் வழியாக, போலி ஆவணங்களோடு அந்தக் குழந்தைகள் வெளிநாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. நெதர்லாந்தில் வளரும் ஒரு சிறுவன் தம் மகனே என்று நம்பிய பெற்றோர், மரபணுச் சோதனை வேண்டி அந்நாட்டு நீதிமன்றத்தின் படியேறினார்கள். 2010-இல் அவர்கள் கோரிக்கை மறுக்கப்பட்டது. குடிசையில் தொலைந்த குழந்தைக்கு ஒரு முதல் தகவல் அறிக்கை எழுத மனம் வராத நாட்டிலே, அதே குழந்தையை விற்க எத்தனை முத்திரை, எத்தனை கையெழுத்து!

தேட வேண்டிய அரசு தேடாதபோது, ஊர் தன் ஆத்திரத்தையே தேடுதல் என்று எண்ணிக்கொள்கிறது. 2018-இல், பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்துவிட்டது என்ற பொய்ச்செய்தி கைப்பேசிகளில் பறந்தது. ஏப்ரல் இறுதியில் நம் குடியாத்தம் அருகே, மொழி தெரியாத ஒரு வடநாட்டு மனிதரை அடித்தே கொன்றார்கள். மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த 65 வயது மூதாட்டியைக் கொன்றார்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தாராம், அதுதான் குற்றம்! இத்தனை அடியிலே தொலைந்த பிள்ளை ஒன்றாவது திரும்பி வந்ததா?

சீருடை அணிந்த ஆத்திரமும் தேடுதல் ஆகாது. 2015-இல் இந்த வட்டாரத்தில் ஒரு பெண்ணைக் காணவில்லை என்ற புகாரில், விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட ஓர் இளைஞர் உயிரிழந்தார். காவலில் தாக்கப்பட்டதாகக் குடும்பத்தார் கூறினர். அந்த ஜூன் மாதம் ஆம்பூர் பற்றி எரிந்தது. பிறகு அந்தப் பெண் சென்னையில் உயிரோடு இருப்பது தெரிந்தது. கை ஓங்குவதற்குமுன் அறிவை ஓங்கவிட்டிருந்தால் ஓர் உயிர் மிஞ்சியிருக்கும்.

அறிவை ஓங்கவிட்டவர்களும் உலகிலே இருக்கிறார்கள். அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி பெற்றோரைக் கொன்று, கைக்குழந்தைகளைப் பிறருக்குக் கொடுத்தது. பேரப்பிள்ளைகளைத் தேடி 1977-இல் பாட்டிமார் ஒன்றுசேர்ந்தார்கள். தலைநகரின் மே சதுக்கத்திலே நின்றார்கள். குறிக்காரனிடம் போகவில்லை, விஞ்ஞானிகளிடம் போனார்கள். "பெற்றோர் உயிரோடு இல்லை, எங்கள் குருதியை வைத்துப் பேரனை அறிய வழி உண்டா?" என்று கேட்டார்கள். வழி பிறந்தது. 1987-இல் தேசிய மரபணு வங்கி சட்டப்படி அமைந்தது. இன்றுவரை 130-க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். எழுத்தறிவும் பணமும் நிறைந்தவர்கள் மட்டுமா அந்தப் பாட்டிமார்? கேள்வியைக் கைவிட மறுத்தவர்கள். தனித்தனியே அழ மறுத்தவர்கள்!

இளைஞர்களே, உங்களைத்தான் கேட்கிறோம். கூட்டத்துக்குத் தோரணம் கட்டத் தெரிந்த கைகளுக்கு, ஒரு தாயோடு காவல் நிலையம்வரை நடக்க முடியாதா? உங்கள் தெருவில் ஒரு குழந்தையைக் காணவில்லை என்றால், அந்தக் கணமே 1098-ஐ அழையுங்கள். புகாரை எழுதிக் கொடுங்கள்; முதல் தகவல் அறிக்கையின் படியைக் கேட்டுப் பெறுங்கள்; அது சலுகை அல்ல, உரிமை. நான்கு மாதம் கடந்தால், வழக்கு மாற்றப்பட்டதா என்று எழுத்திலே கேளுங்கள். குறிக்காரனின் வாசலில் நிற்கும் பெற்றோரை ஏளனம் செய்யாதீர்கள்; கையைப் பிடித்து நிலையத்து வாசலுக்கு அழைத்து வாருங்கள். ஆசிரியத் தோழர்களே, பெயரை நீக்குமுன் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஆண்டுதோறும் பிள்ளைகளைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். தொலைந்த பிள்ளையின் புதிய படம் இல்லாத வீடுகளே ஏழை வீடுகளில் பல.

வரும் ஜூன் மாதத்திலும் அந்தத் தாய் வருவார். சென்ற முறை கேட்ட கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. ஆனால் இம்முறை வெறுங்கையோடு அவரை அனுப்பப் போவதில்லை. வழக்கு எண் என்ன, எந்தப் பிரிவிடம் இருக்கிறது, நான்கு ஆண்டுகளில் யார் யாரை விசாரித்தார்கள் என்று கேட்கும் மனு எழுதி முடிந்துவிட்டது. அவர் கையெழுத்துக்குக் கீழே நம் கையெழுத்தும் இருக்கும். அதன் கீழே இன்னும் இடம் இருக்கிறது, தோழர்களே!