சென்னை எவ்வளவு தூரம்?

"கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு ஒரு மணித்தியாலம்தானே!" கல்முனை பஸாரில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். புடவை எடுப்பதற்காக வருடத்தில் நாலைந்து தடவை போய் வருகின்றவன் என்ற வகையில், இந்தக் கணக்கு நம்மவர்களுக்கு எவ்வளவு நட்டத்தைத் தருகின்றது என்பதை எழுத வேண்டியிருக்கின்றது.

வான்வழியாக அந்தத் தூரம் சுமார் 650 கிலோமீற்றர். விமானம் பறப்பது ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்தான். ஆனால் நான் இரவு ஒன்பது மணிக்குக் கல்முனையில் பஸ் ஏறினால் விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் கட்டுநாயக்க. எட்டரை மணி விமானத்தைப் பிடித்து, குடிவரவு வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, மண்ணடியில் அறைக்குப் போய்ச் சேரும்போது பகல் பன்னிரண்டு. ஆக மொத்தம் பதினைந்து மணித்தியாலம். நாம் விலை பேசி வாங்குவது அதில் ஒன்றை மட்டுமே!

ஒருமுறை முகவர் ஒருவர் இரண்டாயிரம் ரூபா குறைவென்று சனிக்கிழமை நள்ளிரவில் இறங்கும் டிக்கட்டைத் தந்தார். நானும் சந்தோஷமாக வாங்கினேன். மறுநாள் ஞாயிறு, சௌகார்பேட்டையில் மொத்தக் கடைகள் பூட்டு. இரண்டு இரவு அறை வாடகையோடு மிச்சம் பிடித்தது எங்கே போனதென்று தெரியவில்லை.

துபாய் போகின்றவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டிக்கட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். அவர்கள் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பின்னால். அத்தோடு மேலே வீசும் மேல்காற்றினால் போகும் பயணம் வரும் பயணத்தை விட நீளம். சென்னையில் இந்தத் தொல்லை இல்லை. 2006 ஏப்ரல் முதல் நமக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம்.

தூரம் குறைந்தால் நேரமும் குறையும் என்பதும் சரியல்ல. 2019 இல் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலியிலிருந்து சென்னை சுமார் 355 கிலோமீற்றர்தான், கட்டுநாயக்கவின் பாதியளவு. ஆனாலும் அங்கு சேவையில் விடப்பட்ட ஏ.ரி.ஆர். விமானத்துக்கு ஒன்றேகால் மணித்தியாலம் வரை பிடிக்கின்றது. அது காற்றாடி விமானம். மணிக்கு ஐந்நூறு கிலோமீற்றரளவில்தான் போகும்.

இதை நான் சொல்வது மட்டக்களப்பை மனதில் வைத்துத்தான். 2018 இல் சிவில் சேவைக்குத் திறக்கப்பட்ட அந்த நிலையத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 600 கிலோமீற்றர். கட்டுநாயக்கவை விடக் கிட்ட! பெரிய ஜெட் இறங்க ஓடுபாதை போதாது. சிறிய விமானம் வந்தால் இரண்டு மணித்தியாலமளவு எடுக்கலாம். எடுக்கட்டுமே! நமக்கு மிச்சமாவது ஓர் இரவு பஸ் பயணமல்லவா?

ஆனால் எழுபது ஆசனத்தை நிரப்ப ஆள் உண்டா என்றுதான் எந்தக் கம்பனியும் முதலில் கேட்கும். கல்முனை, காத்தான்குடி, அக்கரைப்பற்று வர்த்தக சங்கங்களிடம் நான் விசாரித்த மட்டில், மாதமொன்றுக்கு எத்தனை பேர் சென்னை போகிறார்கள் என்ற கணக்கு ஒருவரிடமும் இல்லை. மகஜர் எழுதுவதற்கு முன்னர் அந்தக் கொப்பியைத் திறக்கட்டும். முதல் பெயராக என்னுடையதை எழுதிக் கொள்ளலாம்.