நாலு சக்கரமும் சுத்தும் சாமி, நிக்குமா?

போன வாரம் இங்க முதல் பனி விழுந்துச்சு. உடனே நம்ம நண்பர் வட்டத்துல வருசா வருசம் வர்ற வசனமும் வந்துருச்சு. "நம்மகிட்ட டிரக் இருக்கு மச்சி. ஃபோர் வீல் டிரைவ். பனியாவது ஒண்ணாவது!"

(ஊர்ல இருக்குற மக்களுக்கு: அமெரிக்காவுல டிரக்னா லாரி மட்டுமில்ல. பின்னாடி தொட்டி வெச்ச பிக்கப்பும் டிரக்தான்.)

இந்த வசனத்தைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. காரணம், மூணு வருசம் முன்னாடி மினியாபொலிஸ்ல இதையே பேசிக்கிட்டுத் திரிஞ்ச அறிவாளி அடியேன்தான். ஜனவரி மாசம், பொங்கல் விழா முடிஞ்சு திரும்பி வர்றோம். பின் சீட்டுல நண்பன் குடும்பம். சிக்னல் சிவப்பாச்சு, பிரேக்கை மிதிச்சேன். ஏபிஎஸ் கடகடன்னு அடிக்குது, வண்டி பாட்டுக்கு வழுக்கிக்கிட்டே நாற்சந்தியைத் தாண்டிப் போய் நின்னுச்சு. நல்லவேளை, குறுக்கே ஒரு வண்டியும் வரலை. "மாமா, ரெட்டுல போயிட்டோம்"னு சொன்னான் நண்பனோட நாலு வயசுப் பையன். அதுக்கப்புறம் வீடு வர்ற வரைக்கும் யாரும் பேசலை.

இப்ப விசயத்துக்கு வர்றேன். ஃபோர் வீல் டிரைவ் என்ன பண்ணும்? எஞ்சின் சக்தியை நாலு சக்கரத்துக்கும் அனுப்பும். அதனால கிளம்பும்போது சிக்காம கிளம்பலாம். ஆனா பிரேக்? அது ஓட்டை மாருதியில கூட நாலு சக்கரத்துலயும்தான் இருக்கு! நிறுத்துறதுல டிரக்குக்குத் தனிச்சலுகை கிடையாது. சட்டுனு வேகம் எடுக்க முடியுறதால ரோடு நல்லாருக்குன்னு நம்ம மூளை ஏமாந்துடுது, அவ்ளோதான்.

"கனமான வண்டிய்யா, நல்லா பிடிச்சு நிக்கும்"னு ஒரு கோஷ்டி. அண்ணே, உராய்வு கணக்குல எடை ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போயிடும். அரியர் வெச்சு கிளியர் பண்ண எனக்கே ஞாபகம் இருக்கு. காஞ்ச ரோட்டுல மியூ 0.7, ஐஸ்ல 0.1னு வெச்சுக்கோங்க. மணிக்கு 60 மைல் வேகத்துல பிரேக் போட்டா காஞ்ச ரோட்டுல சுமார் 52 மீட்டர்ல நிக்கும். ஐஸ்ல? 360 மீட்டருக்கு மேல! வேகத்தைப் பாதியாக்கினா அந்தத் தூரம் கால்வாசி ஆயிடும். இதைவிட மலிவான பாதுகாப்புக் கருவி கடையில கிடைக்காது.

அடுத்தது டயர். நாப்பதாயிரம் டாலருக்கு மேல போட்டு டிரக் வாங்குவாங்க, குளிர்கால டயருக்கு ஆயிரம் டாலர்னா "வேஸ்ட்டு"ம்பாங்க. சாதா டயரோட ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழ விறைக்க ஆரம்பிக்கும். மூணு சிகர மலை, நடுவுல பனித்துளிப் பூ, இந்தச் சின்னம் டயர்ல இருக்கான்னு பாருங்க. கனடாவோட கியூபெக் மாகாணத்துல டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரைக்கும் குளிர்கால டயர் கட்டாயம். இது மாட்டியிருக்குற மாசங்கள்ல பழைய டயர் தேயாம பத்திரமா இருக்குமே, அதையும் கணக்குல சேருங்க.

காலித் தொட்டியோட பிக்கப்புக்கு வால் லேசு, திருப்பத்துல சுத்திடும். பின் அச்சுக்கு நேரா மணல் மூட்டை வெச்சு இறுக்கிக் கட்டுங்க. கட்டலைன்னா மோதுற நேரத்துல அதுவே குண்டு மாதிரி முன்னாடி வரும். மாட்டிக்கிட்டா அந்த மணலையே சக்கரத்துக்கு அடியில தூவலாம். பேட்டரி, டயர் காத்து, உறையாத வாஷர் திரவம், மண்வெட்டி, கம்பளி எல்லாம் பாத்துக்கோங்க. கூரைப் பனியைத் தள்ளிட்டுக் கிளம்புங்க, பின்னாடி வர்றவனும் மனுசன்தான். பனியில சிக்கி எஞ்சினை ஓட விட்டா புகைக்குழாயை மறைக்குற பனியை முதல்ல எடுங்க. கார்பன் மோனாக்சைடு சொல்லிக்கிட்டு வராது.

"நாங்க டெக்சாஸ், எங்களுக்கு எதுக்கு?"ன்னு டல்லாஸ் மக்கள் கேக்கலாம். 2021 பிப்ரவரி 11 காலையில ஃபோர்ட் வொர்த் ஐ-35 டபிள்யூ நெடுஞ்சாலையில சுமார் 130 வண்டி ஒண்ணு மேல ஒண்ணு மோதி 6 பேர் செத்தாங்க. மேம்பாலப் பகுதி அது. அடியிலயும் குளிர்காத்து அடிக்கிறதால பாலம்தான் முதல்ல உறையும். கண்ணுக்குத் தெரியாத ஐஸ் முன்னாடி பிக்கப்பு, பதினெட்டுச் சக்கர லாரி எல்லாம் ஒண்ணுதான்.

அமெரிக்காவுல அந்த லாரி ஓட்டுறவங்களுக்கு ஃபெடரல் விதியே இருக்கு: ரோடு மோசமானா வேகத்தைக் குறை, ஆபத்து முத்தினா ஓட்டுறதையே நிறுத்து. தொழில்முறை டிரைவரே ஓரங்கட்டணும்னு சட்டம் சொல்லுது. வீட்டுல லேப்டாப்பும் விபிஎன்னும் வெச்சிருக்குற நாம, தோசை மாவு வாங்கப் புயல்ல கிளம்புறோம். இதுக்குப் பேரு வீரமா? சுத்த கொழுப்பு.

பனிப்புயல் எச்சரிக்கை வந்தா வீட்டுல இருங்க சாமி. உப்புமா கிண்டிச் சாப்பிட்டா உயிர் போயிடாது.

டிஸ்கி: "நான் பத்து வருசமா ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலை"ன்னு பின்னூட்டம் போட வர்றவங்க, பின் சீட்டுல யார் உக்காந்திருக்காங்கன்னு ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டுப் போடுங்க.