குழாய் வேலை என்று சொல்லாதீங்கோ

போன மாதம் ஒரு சாமத்தியவீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் முன்னுக்கு இருந்த மாமா ஒருவர் கேட்டார்: "தம்பி இப்ப என்ன செய்யிறீர்?"

"ஆய்வுகூடக் கட்டடங்களுக்குக் காற்றோட்டம் திட்டமிடுறன், மாமா."

"ஓ... குழாய் வேலையோ?"

அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த, சூரிச் ஈடிஹெச்சில் படிக்கிற பெடியன் பக்கம் திரும்பிவிட்டார். பிறகு பாயாசம் வரும்வரை என்னோடு ஒரு கதையும் இல்லை.

அம்மா இன்னும் ஒரு படி மேலே. பத்து வருடமாகச் சொந்தக்காரருக்கு அவ சொல்லிவருவது இதுதான்: "மூத்தவனுக்கு ஆர்கிடெக்ட் மாதிரி ஒரு வேலை." இன்றைக்கு எனக்கு அந்த "மாதிரி"யோடுதான் சண்டை.

ஏன் இப்போது என்று கேட்பீர்கள். என் சித்தப்பாவின் மகளுக்குப் பதினாலு வயது. மின்சாரத் திட்டமிடல் படிக்க, எலெக்ட்ரோபிளானரின் வேலைக்கு ஒரு கிழமை ஷ்னுப்பர்லேர போக ஆசைப்படுகிறாள். கணக்கில் கெட்டிக்காரி. வீட்டில் இரண்டு கிழமையாக யாரும் யாரோடும் பேசுவதில்லை. "லேர செய்யவா நாங்கள் இஞ்ச வந்து கஷ்டப்பட்டனாங்கள்?" என்று சித்தப்பா கேட்கிறார். அவருக்கு நேரே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாசலுக்கு வாருங்கள். பாசல் பல்கலைக்கழகத்தில் பியோசென்ட்ரும் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. 1971இல் தொடங்கிய உயிரியல் ஆய்வு நிலையம். அங்கே வேலை செய்த வேர்னர் ஆர்பருக்கு 1978இல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் வீடுகளில் பிள்ளைகள் கனவு காணவேண்டும் என்று சொல்லப்படுகிற இடம் இப்படிப்பட்டதுதான்.

இந்த நிலையத்துக்கு 70 மீட்டருக்கு மேல் உயரமான ஒரு புதிய கோபுரம் கட்ட முடிவு செய்தார்கள். பாசல் நகரம், பாசல் நாட்டுப்புறம் என்ற இரண்டு கன்டோன்களும் சேர்ந்து 328 மில்லியன் பிராங் ஒதுக்கின. வேலை முடிந்தபோது செலவு 400 மில்லியனைத் தாண்டியிருந்தது. பல வருடம் பிந்தி, 2021இல்தான் திறந்தார்கள். எங்கே பிழைத்தது என்று விசாரணை நடந்தது. அரசியல்வாதிகள் பதில் சொல்ல வேண்டி வந்தது.

எங்கே பிழைத்தது? பேராசிரியர்களின் மூளையில் பிழை இல்லை. கோபுரத்தின் அழகிலும் பிழை இல்லை. முக்கியமான காரணங்களில் ஒன்று கெபொய்டெடெக்னிக். அதாவது காற்று, வெப்பம், குளிர், தண்ணீர், மின்சாரம் ஆகியவற்றின் திட்டமிடலும், அவற்றை ஒன்றோடொன்று பொருத்துவதும். மாமாவின் பாசையில் சொன்னால், குழாய் வேலை.

அப்படி என்ன கஷ்டம் என்று நினைக்கலாம். ஒரு வீட்டில் ஜன்னலைத் திறந்தால் காற்று வரும். ஆய்வுகூடத்தில் அது நடக்காது. விஷவாயு வரக்கூடிய வேலையைக் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெட்டிக்குள் செய்வார்கள். அதன் காற்றை உறிஞ்சி, கூரைக்கு மேலே கொண்டுபோய் விடவேண்டும். இங்கே சுவிஸில் அந்தப் பெட்டிக்குக் கபெல்லே என்று பெயர். சிறு தேவாலயத்துக்கும் அதே சொல்தான். அதற்குள் உறிஞ்சும் வேகம் குறைந்தால், முன்னால் நிற்கிற மாணவியின் மூக்குக்குள் நஞ்சு போகும்.

கிருமிகளோடு வேலை செய்கிற அறையில் காற்றழுத்தம் வெளியில் இருப்பதைவிடக் குறைவாக இருக்கவேண்டும். அப்போதுதான் கதவைத் திறக்கும்போது காற்று உள்ளே போகும், கிருமி வெளியே வராது. இரசாயன ஆய்வுகூடத்தின் முழுக் காற்றையும் மணிக்கு ஏறத்தாழ எட்டுத் தடவை மாற்றவேண்டும். வெளியே போன காற்றைத் திரும்ப உள்ளே விடமுடியாது. ஜனவரிக் குளிரில் உள்ளே எடுக்கிற காற்று முழுவதையும் சூடாக்கவேண்டும். அதனால்தான் ஓர் ஆய்வுகூடம், அதே அளவு அலுவலகத்தைவிடப் பல மடங்கு சக்தியைத் தின்கிறது. போகிற காற்றின் வெப்பத்தை மட்டும் பிடித்து, வருகிற காற்றுக்குக் கொடுக்கவேண்டும். ஆனால் இரண்டு காற்றும் ஒன்றையொன்று தொடக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு திரவச் சுற்று ஓடி வெப்பத்தைக் காவும்.

மின்சாரமும் அப்படித்தான். மைனஸ் 80 பாகையில் வைத்திருக்கிற மாதிரிகள் சிலரின் பத்து வருட உழைப்பு. மின்சாரம் நின்றால் அவசர ஜெனரேட்டர் தானாக ஓடவேண்டும். இலத்திரன் நுணுக்குக்காட்டிக்குப் பக்கத்தால் பெரிய கேபிளைக் கொண்டுபோனால், அதன் காந்தப்புலத்தில் படமே கலங்கிவிடும். எந்தக் கேபிள் எந்தச் சுவரால் போகவேண்டும் என்பதை ஆராய்ச்சி தொடங்குவதற்குப் பல வருடங்களுக்கு முன்னரே ஒருவர் கீறவேண்டும். என் தங்கச்சி கீற ஆசைப்படுவது அதைத்தான்.

இவை எல்லாமே ஒரே கூரைத்தட்டுக்கு மேலே இருக்கிற ஒரே இடத்துக்குள் அடங்கவேண்டும். காற்றுக் குழாய் போகிற வழியில் கழிவுநீர்க் குழாய் வந்தால், யாராவது ஒருவர் விலகவேண்டும். கடதாசியில் விலக்கினால் அரைமணி நேர வேலை. கொங்கிரீட் ஊற்றிய பிறகு விலக்கினால் உடைப்பு, தாமதம், வழக்கு. பெரிய கட்டடத்தில் இப்படிப்பட்ட சந்திப்புகள் ஆயிரக்கணக்கில் வரும்.

இனி நல்ல பக்கத்தைப் பார்ப்போம். சூரிச் ஈடிஹெச்சின் ஹொங்கெர்பெர்க் வளாகத்துக்குப் போயிருக்கிறீர்களா? உங்கள் காலுக்குக் கீழே ஏறத்தாழ 200 மீட்டர் ஆழத்துக்கு நூற்றுக்கணக்கான துளைகள் இருக்கின்றன. கோடையில் ஆய்வுகூடங்களும் கணினிகளும் கக்குகிற வெப்பத்தை நிலத்துக்குள் அனுப்புவார்கள். குளிர்காலத்தில் அதையே வெப்பப்பம்பியால் எடுத்து அறைகளைச் சூடாக்குவார்கள். கட்டடத்துக்குக் கட்டடம் வளையமாக ஓடுவது கொதிநீர் அல்ல, குளிருக்கும் இளஞ்சூட்டுக்கும் இடைப்பட்ட தண்ணீர். 2010களின் தொடக்கத்திலிருந்து கட்டம் கட்டமாக வளர்த்துவருகிறார்கள். ஈடிஹெச்சின் பழைய பிரதான கட்டடத்தைக் கீறியவர் கொட்பிரீட் செம்பர் என்று சூரிச்சில் வழிகாட்டிகள் எல்லாருக்கும் சொல்வார்கள். நிலத்துக்குக் கீழே கீறியவர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. அந்த மரியாதைக் குறைவு எங்கள் ஆட்களிடம் மட்டும் இல்லை. ஆனால் எங்கள் ஆட்களிடம் அது கொஞ்சம் கூட.

சித்தப்பாவின் பக்கத்தையும் சொல்லவேண்டும். அவர் பதினெட்டு வருடம் ஓர் உணவகக் குசினியில் பாத்திரம் கழுவினார். கை வேலை என்றால் அவருக்கு ஞாபகம் வருவது வெடித்த விரல்களும், பெயர் சொல்லிக் கூப்பிடாத முதலாளியும்தான். "என்ர பிள்ளை இதைச் செய்யக்கூடாது" என்று நினைத்தது பெருமைக்காக அல்ல. அந்தக் காயத்தை நான் பகிடி பண்ணமாட்டேன்.

இன்னொன்றும் உண்மை. எங்கள் பெயரைப் பார்த்தவுடனேயே "இவனுக்கு லேர காணும்" என்று முடிவெடுக்கிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கும் ஒருவர் அப்படித்தான் சொன்னார், மதிப்பெண்ணைக்கூடப் பார்க்காமல். உனக்குக் கிம்னாசியம் போக விருப்பமும் தகுதியும் இருந்து, யாராவது கதவைச் சாத்தினால், சண்டை பிடி. பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போய்ச் சண்டை பிடி. அதில் நான் உன் பக்கம்.

ஆனால் ஆசிரியர் லேரயைத் தண்டனையாகப் பார்ப்பதும், நாங்கள் அதை அவமானமாகப் பார்ப்பதும் ஒரே பிழைதான். இந்த நாட்டில் இளம் ஆட்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்பயிற்சி வழியால் போகிறார்கள். கட்டடத் தொழில்நுட்பத் திட்டமிடல் நான்கு வருடம். வெப்பம், காற்று, தண்ணீர் என்று மூன்று பிரிவு. மின்சாரத் திட்டமிடலும் நான்கு வருடம். கூடவே பெரூஃப்ஸ்மதுரா எடுத்தால் பாஹ்ஹோக்ஷூலெ திறந்திருக்கிறது. லுசேர்னுக்குப் பக்கத்தில் ஹோர்வில் இதற்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. பசரெல் பரீட்சை எழுதினால் ஈடிஹெச்சுக்கும் போகலாம். இது முட்டுச்சந்து இல்லை. பதினாறு வயதிலேயே கையில் சம்பளம் வருகிற ஒரு வழி.

வேலை இருக்குமா என்று கேட்கிறவர்களுக்கு: 2023 ஜூனில் இந்த நாட்டு மக்கள் வாக்களித்து, 2050க்குள் நிகர பூச்சியம் என்ற காலநிலைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். எண்ணெய்க் கொதிகலன் இருக்கிற ஒவ்வொரு கட்டடத்துக்குள்ளும் யாரோ ஒருவர் போய் அதை மாற்றவேண்டும். 2024 கோடையிலிருந்து சூரியமின் பொருத்துவதற்கென்றே தனி லேர தொடங்கியிருக்கிறது. ஆள் காணாது என்று கம்பனிகள் அழுகின்றன. நாங்கள் சாமத்தியவீட்டில் மூக்கைச் சுளித்துக்கொண்டிருக்கிறோம்.

தொழிலில் உயர்வு தாழ்வு இல்லை என்று எங்கள் பேச்சுப்போட்டிகளில் ஐந்து வயதுப் பிள்ளைகளைக் கொண்டு பேசவைக்கிறோம். கைதட்டுகிறோம். அதே பிள்ளை பதினாலு வயதில் அதை நம்பி வந்து கேட்டால், வீட்டில் பேச்சை நிறுத்துகிறோம். அந்தப் பேச்சை நாங்கள் நம்பவில்லை என்றால் பிள்ளைக்குப் பாடமாக்கக் கொடுக்கவேண்டாம்.

தம்பி, தங்கச்சி, நீங்கள் எல்லாரும் லேர செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. டொக்டராக விரும்பினால் டொக்டராகுங்கள். ஆனால் பிடித்ததைப் பிடிக்கவில்லை என்று யாருக்காகவும் பொய் சொல்லாதீர்கள். ஒரு கிழமை போய்ப் பாருங்கள். பிடிக்காவிட்டால் ஒரு கிழமைதான் போச்சு.

இதை எழுதி முடித்ததும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "அப்ப நான் ஆக்களுக்கு என்னெண்டு சொல்லுறது?" என்று கேட்டா.

"ஆய்வுகூடத்துக்கு மூச்சு குடுக்கிறவன் எண்டு சொல்லுங்கோ, அம்மா."

"அது நீளம்" என்றா. "காற்றோட்டத் திட்டமிடலாளர் எண்டே சொல்லுறன்."

"மாதிரி" என்ற சொல் வரவில்லை. இனிச் சித்தப்பாவோடு கதைப்பது அம்மாவின் பொறுப்பு.