கம்ப்யூட்டர் பரண் மேல.. கன்ட்ரோல் கையில! டேப்லெட்டில் இருந்து வீட்டு பிசியை இயக்குவது எப்படி? ஒளித்து வைத்தால் மட்டும் போதுமா?

திருவண்ணாமலை மாட வீதியில் உங்களுக்கு ஒரு கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அன்றைக்குப் பௌர்ணமி. கிரிவலம் வந்த கூட்டத்தால் கடையில் மூச்சுவிட நேரம் இல்லை. அந்த நேரம் பார்த்து ஆடிட்டர் போன் செய்கிறார். "ஜிஎஸ்டி கணக்கு ஃபைல் இன்னைக்கே வேணும்."

ஃபைல் இருப்பது வேங்கிக்கால் வீட்டு டெஸ்க்டாப்பில். பசங்க கேம் ஆடுறாங்க, இடமும் இல்லை என்று அதை மானிட்டர்கூட இல்லாமல் பரண் மேல் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். கடையை விட்டுப் போக முடியாது. கையில் இருப்பது பில் போடும் டேப்லெட் மட்டும்தான்.

இந்த டேப்லெட்டிலேயே வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்து, ஃபைலை எடுத்து, ஆடிட்டருக்கு அனுப்பிவிடலாம். 5 நிமிட வேலை. செலவும் இல்லை. ஆனால் இதே வசதியைத்தான் பேங்க் அக்கவுண்ட்டைத் துடைத்து எடுக்கும் மோசடிக் கும்பல்களும் பயன்படுத்துகின்றன. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோடு எது? விரிவாகப் பார்ப்போம்.

ரிமோட் டெஸ்க்டாப் என்றால் என்ன?

வீட்டுக் கம்ப்யூட்டரின் திரை ஒரு வீடியோ போல டேப்லெட்டுக்கு வருகிறது. டேப்லெட்டில் நீங்கள் தொடுவது, டைப் செய்வது எல்லாம் மவுஸ், கீபோர்டு கட்டளைகளாக வீட்டுக்குப் போகிறது. அவ்வளவுதான் விஷயம்.

வேலை நடப்பது முழுக்க வீட்டுக் கம்ப்யூட்டரில்தான். டேலி சாஃப்ட்வேர், தமிழ் டைப்பிங், பெரிய எக்செல் ஃபைல் என எதுவும் டேப்லெட்டில் இருக்கத் தேவையில்லை. 5 வருடப் பழைய டேப்லெட் கூட இதற்குத் தாங்கும்.

என்னென்ன வழிகள் இருக்கு?

வீட்டு உபயோகத்துக்கு இலவசமாகக் கிடைப்பதில் சுலபமானது கூகுளின் குரோம் ரிமோட் டெஸ்க்டாப். வீட்டுக் கம்ப்யூட்டரில் கூகுள் அக்கவுண்ட்டில் நுழைந்து, இதை இன்ஸ்டால் செய்து, குறைந்தது 6 இலக்க பின் நம்பர் வைக்க வேண்டும். பிறகு டேப்லெட்டில் அதே அக்கவுண்ட்டில் நுழைந்து, பின் நம்பரைப் போட்டால் திரை வந்துவிடும்.

விண்டோஸிலேயே ரிமோட் டெஸ்க்டாப் வசதி இருக்கிறது. ஆனால் வெளியில் இருந்து இயக்க வேண்டிய கம்ப்யூட்டரில் விண்டோஸ் புரோ போன்ற பதிப்பு இருக்க வேண்டும். பலர் வீட்டில் இருக்கும் ஹோம் பதிப்பில் இது கிடையாது. எனிடெஸ்க், டீம்வியூவர் ஆகியவை இன்னொரு வகை. இரண்டுமே ஜெர்மனி நிறுவனங்களின் தயாரிப்பு. இவை உங்கள் கம்ப்யூட்டருக்கு ஓர் அடையாள எண் கொடுக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் இணைப்பு நடக்கும்.

நம்ம ஊர் இணைய இணைப்பு பலவற்றில் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் வெளியில் இருந்து நேராக உங்கள் வீட்டைத் தேடி வர முடியாது. இந்த ஆப்கள் அந்தச் சிக்கலைத் தாண்டுவது எப்படி? வீட்டுக் கம்ப்யூட்டர் தானாகவே அந்த நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு வைத்துக்கொண்டு காத்திருக்கும். டேப்லெட்டும் அதே சர்வரைத் தேடிப் போகும். சர்வர் இரண்டையும் சேர்த்து வைக்கும்.

பரண் மேல் வைத்த கம்ப்யூட்டரில் வரும் சிக்கல்கள்

தூக்கம்: கம்ப்யூட்டர் ஸ்லீப் மோடுக்குப் போய்விட்டால் இணைப்பு கிடைக்காது. பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை நிறுத்திவைக்க வேண்டும். வேக் ஆன் லேன் என்ற வசதியால் எழுப்பவும் முடியும். அதற்கு ரூட்டரில் இருந்து லேன் வயர் போட்டிருப்பது நல்லது. வீட்டுக்குள் எப்போதும் ஆனில் இருக்கும் வேறொரு கருவியும் பொதுவாகத் தேவைப்படும்.

கரண்ட் கட்: கரண்ட் போய்த் திரும்பி வந்தால் பரணில் ஏறி பட்டனை அழுத்த ஆள் வேண்டும். பயாஸ் செட்டிங்கில் மின்சாரம் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ரூட்டருக்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று தேவை.

மானிட்டர் இல்லாமை: மானிட்டர் இல்லாவிட்டால் சில கம்ப்யூட்டர்கள் திரையே காட்டாது, அல்லது மிகச் சின்னதாகக் காட்டும். மானிட்டர் இருப்பதுபோல ஏமாற்றும் டம்மி ஹெச்டிஎம்ஐ பிளக் ஒன்றைச் செருகினால் சரியாகிவிடும்.

சூடு: திருவண்ணாமலை வெயிலில் மூடிய பீரோவுக்குள் கம்ப்யூட்டரை ஓடவிடுவது விபரீதம். காற்றோட்டம் கண்டிப்பாக வேண்டும்.

ஈபி பில்: சும்மா இருக்கும்போது உங்கள் கம்ப்யூட்டர் 50 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 24 மணி நேரத்துக்கு 1.2 யூனிட். 60 நாளில் 72 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். அதில் கணிசமான பகுதியை இந்த ஒரு பெட்டியே சாப்பிட்டுவிடும்!

ஒளித்து வைத்தால் பாதுகாப்பா?

2023 பிப்ரவரி 12 அதிகாலையை இந்த ஊர் மறந்திருக்காது. திருவண்ணாமலை நகரம், போளூர், கலசபாக்கம் பகுதிகளில் ஒரே இரவில் 4 ஏடிஎம்கள் கேஸ் வெல்டிங் மூலம் வெட்டப்பட்டு, 72 லட்சம் ரூபாய்க்கும் மேல் கொள்ளை போனது. அந்தக் கும்பல் வெளி மாநிலத்தில் இருந்து இங்கே நேரில் வர வேண்டியிருந்தது. மெஷினைத் தொட வேண்டியிருந்தது.

ரிமோட் திருட்டில் இது எதுவுமே தேவையில்லை. கம்ப்யூட்டர் பரணில் இருந்தாலும் பூஜை அறையில் இருந்தாலும் திருடனுக்கு ஒன்றுதான். பெட்டியை ஒளித்து வைப்பது வீடு புகும் திருடனுக்கும் சின்னப் பசங்களுக்கும்தான் தடை. கம்ப்யூட்டருக்குள் போகும் வாசல் இணையத்தில் இருக்கிறது.

இதற்கு உதாரணம் 2019-ல் கிடைத்தது. விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழையும் அளவுக்குப் பெரிய ஓட்டை. ஆதரவு முடிந்து 5 வருடமான விண்டோஸ் எக்ஸ்பிக்குக் கூட அந்த மே மாதம் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கொடுத்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். 'ரூட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவிடுங்கள்' என்று யூடியூப்பில் யாராவது சொன்னால் அதைச் செய்யாதீர்கள். அது தெருக்கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதற்குச் சமம்.

சேவை தரும் நிறுவனங்களும் விதிவிலக்கு இல்லை. 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனம் தங்கள் சர்வர்களுக்குள் ஹேக்கர்கள் ஊடுருவியதை ஒப்புக்கொண்டு, இணையதள பாஸ்வேர்டுகளை ரத்து செய்தது.

இன்னொரு விஷயம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பரண் மேல் இருப்பது பெரும்பாலும் பழைய பெட்டி. கண்ணில் படாத கம்ப்யூட்டரை அப்டேட் செய்யவும் மறந்துவிடுவோம். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதே ஆப்.. வேறு கை!

ஆனால் நம்ம ஊரில் அதிகப் பணம் போவது ஹேக்கர்களின் சாமர்த்தியத்தால் இல்லை. நாமே கதவைத் திறந்து விடுகிறோம்.

2019 பிப்ரவரியிலேயே எனிடெஸ்க் ஆப் பற்றி ரிசர்வ் வங்கி எச்சரித்தது. மோசடி நடக்கும் விதம் இதுதான்: போனில் ஆப்பை இன்ஸ்டால் செய்யச் சொல்வார்கள். திரையில் வரும் 9 இலக்க எண்ணைக் கேட்பார்கள். அனுமதி கேட்கும் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். பிறகு பணத்தை எடுத்துவிடுவார்கள்.

2022-ல் 'ஈபி பில் கட்டவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும்' என்று பலருக்கும் மெசேஜ் வந்தது நினைவிருக்கலாம். அதில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டவர்களிடமும் திரையைப் பகிரும் ஆப்பைத்தான் இன்ஸ்டால் செய்யச் சொன்னார்கள்.

"நான்தான் ஓடிபி சொல்லவே இல்லையே, பணம் எப்படிப் போச்சு?" என்று ஏமாந்த பலரும் கேட்கிறார்கள். ஓடிபியை நீங்கள் சொல்ல வேண்டியதே இல்லை. உங்கள் திரை அவர்களுக்குத் தெரிகிறது. மெசேஜ் வந்ததும் அவர்களே படித்துக்கொள்வார்கள்.

இந்த இடத்தில் சட்டமும் உங்கள் பக்கம் முழுசாக நிற்பதில்லை. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வங்கியும் வாடிக்கையாளரும் செய்யாத தவறால் பணம் போய், 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை. ஆனால் ரகசிய விவரங்களைப் பகிர்ந்த கவனக்குறைவு உங்களுடையது என்றால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் உங்கள் தலையில்தான் விழும். நீங்களே இன்ஸ்டால் செய்த ஆப், நீங்களே கொடுத்த அனுமதி என்னும்போது வாதாடுவது கஷ்டம்.

அப்போ என்ன பண்ணலாம்?

* ரிமோட் ஆப்பை அதிகாரப்பூர்வ தளம் அல்லது ஆப் ஸ்டோரில் மட்டும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க் வேண்டவே வேண்டாம்.

* பின் நம்பர் பிறந்த தேதியாகவோ வண்டி நம்பராகவோ இருக்கக் கூடாது. கூகுள் அக்கவுண்ட்டில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு கட்டாயம். அந்த அக்கவுண்ட் போனால் கம்ப்யூட்டரும் போன மாதிரி.

* டேப்லெட்டுக்கு லாக் போடுங்கள். கடை கல்லாவில் கிடக்கும் டேப்லெட்தான் இப்போது வீட்டுச் சாவி. அது தொலைந்தால், உடனே வேறு கருவியில் இருந்து அக்கவுண்ட்டுக்குள் போய் அதை வெளியேற்றுங்கள்.

* நெட்பேங்கிங் பாஸ்வேர்டை வீட்டுக் கம்ப்யூட்டர் பிரவுசரில் சேமித்து வைக்காதீர்கள். உள்ளே வருபவருக்கு அது தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி.

* சர்வீஸ் செய்ய வந்தவர் ரிமோட் ஆப் போட்டிருந்தால், வேலை முடிந்ததும் ஆளில்லாமல் இணையும் வசதி ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அல்லது ஆப்பையே நீக்குங்கள்.

* மாதம் ஒரு முறை பரணில் இருப்பதைக் கவனியுங்கள். அப்டேட், தூசி இரண்டையும்.

ஏமாந்துவிட்டால்?

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். போன் என்றால் ஏரோபிளேன் மோட், கம்ப்யூட்டர் என்றால் ரூட்டரை ஆஃப் செய்யுங்கள். அவர்கள் கை அந்த நொடியே அறுந்துவிடும். அடுத்து வேறொரு போனில் இருந்து 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். வங்கிக்கும் சொல்லி அக்கவுண்ட்டை முடக்குங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்த அளவுக்குப் பணம் கை மாறுவதற்குள் நிறுத்த வாய்ப்பு உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம்.

அனுமதி இல்லாமல் அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் மோசடி நோக்கத்தோடு நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. முன்னாள் ஊழியர் பழைய பாஸ்வேர்டை வைத்து உள்ளே வந்து கணக்கை எடுத்தாலும் இதே பிரிவு பாயலாம்.

வீட்டுக் கம்ப்யூட்டரை ரிமோட்டில் இயக்குவது ஆபத்தான வேலை இல்லை. கடையை விட்டு நகர முடியாத வியாபாரிக்கும், அலைய முடியாத பெரியவர்களுக்கும் இது நிஜமாகவே பெரிய வசதி. நினைவில் வைக்க வேண்டிய கோடு ஒன்றுதான். உங்கள் கம்ப்யூட்டருக்குள் நீங்களாகத் தேடிப் போனால் அது வசதி. முன்பின் தெரியாதவர் உங்களுக்கு போன் போட்டு, ஆப்பை இன்ஸ்டால் பண்ணி நம்பரைச் சொல்லச் சொன்னால் அது திருட்டு. அந்த போனைக் கட் பண்ணுங்க, போதும்.