தண்டோரா நின்றது, அறிவிப்பு நிற்கலாமா?

ஐப்பசி பிறந்துவிட்டால் வேதாரண்யம் பகுதியில் வாழும் நமக்குக் கண் எப்பொழுதும் கடலின் மீதே இருக்கும். 1952-லும் 1977-லும் நாகப்பட்டினக் கரையைத் தாக்கிய புயல்களைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் கரையேறிய கஜா புயலையோ நாமே கண்டோம். தென்னையும் மாவும் சவுக்கும் ஒரே இரவில் சாய்ந்த காட்சி நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை. ஆதலால், பருவத்தின் தொடக்கத்திலேயே ஒரு செய்தியை அங்கத்தினர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

அரசாங்க அறிவிப்புகளை ஊராருக்குத் தண்டோரா போட்டுச் சொல்லும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர், அம்முறையைக் கைவிட்டு, ஒலிபெருக்கி பொருத்திய வாகனங்களைக் கொண்டு அறிவிக்குமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். அதை நாம் மனமார வரவேற்கிறோம். ஊருக்குச் செய்தி சொல்லும் நற்பணியைச் சாதியின் பெயரால் சிலர் தலையில் சுமத்தி, அதனையே இழிவாகவும் கருதிய முறை ஒழியவேண்டியதே.

ஆனால், பறையொலி நின்ற தெருவில் அதற்கு ஈடாக எது வந்தது? ஒலிபெருக்கி வண்டி பெரிய சாலையோடு திரும்பிவிடுகிறது. அலுவலகச் சுவரில் ஒட்டிய தாள் இரண்டு மழைக்குள் கரைந்துவிடுகிறது. மற்றவை யாவும் கைப்பேசியில் வருகின்றன. கைப்பேசி நல்ல சாதனந்தான்; எனினும் கஜாவுக்குப் பின் நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். புயலுக்கு முன் எச்சரிக்கை வந்தது. பல்லாயிரவர் முகாம்களுக்குச் சென்று உயிர் பிழைத்தனர். புயலுக்குப் பின்னரோ மின்கம்பங்கள் விழுந்து, பல ஊர்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. கைப்பேசி ஊமையாயிற்று, மின்சாரமின்றிக் குடிநீர் ஏற்றவும் இயலவில்லை. தண்ணீர் வண்டி எங்கே வரும், கணக்கெடுப்பவர் என்று வருவார் என்னும் செய்திதான் அந்நாள்களில் சோற்றுக்கு அடுத்தபடி தேவையாயிருந்தது. அதுவே கிடைக்கவில்லை.

செய்தி கிடையாமையால் பணமும் நஷ்டமாகிறது. கஜாவில் விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதனை வெட்டி அகற்ற 500 ரூபாயும் நிவாரணமாக அறிவிக்கப்பட்டன. வேரோடு அகற்றிவிட்ட மரத்தை எப்படிக் கணக்குக் காட்டுவது? தோப்பிலுள்ள மரங்கள் அடங்கலில் சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று இன்றே பார்த்துக்கொள்வது நன்று. நெற்பயிர்க் காப்பீட்டிலும் இவ்வாறே. சம்பாவுக்குக் காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாயே உழவர் செலுத்தும் பங்கு. எஞ்சியதை அரசுகள் ஏற்கின்றன. பதிவுக்கான கடைசி நாள் அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் நவம்பர் நடுவில், அடைமழைக்கு நடுவே அமைகிறது. கடைசி நாளில் கூட்டமும் மின்தடையும் சேர்ந்துகொள்ளும். அடங்கல், சிட்டா, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கம் ஆகியவற்றுடன் முன்னரே சங்கத்திற்கு வந்துவிடுங்கள்.

நெசவாளர் குடும்பங்களுக்கும் ஒரு சொல். குழித்தறியில் நீர் ஊறுமுன் பாவையும் நூலையும் மேட்டில் ஏற்றி வையுங்கள். சங்கத்தில் பெற்ற நூலின் கணக்கும் பாஸ் புத்தகமும் நனையாத உறையில் இருக்கட்டும்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு கப்பல்களுக்கான அடையாளம் என்பதையும் பலர் அறியார். 8, 9, 10 எண்கள் பேரபாயத்தைக் குறிப்பவை. 11 என்றால் எச்சரிக்கை நிலையத்தோடு தொடர்பே அற்றுப்போயிற்று என்று பொருள். 10 ஏறிய பிறகு மூட்டை கட்டுவது மதியன்று. புயலின் நடுவே காற்று திடீரென்று அடங்கினால் வெளியே வராதீர்கள். புயலின் கண் கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் வீசும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. அதனைச் சுவரில் கரிக்கட்டியாலாவது எழுதி வையுங்கள்.

அரசாங்கத்தைக் குறை கூறுவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. கூட்டுறவு என்பது கடன் வாங்குவதும் கட்டுவதும் மட்டுமா? சங்கந்தோறும் மழைபடாத இடத்தில் ஒரு கரும்பலகை வேண்டும். அறிவிப்பைப் பேச்சுத் தமிழில், பெரிய எழுத்தில், தேதியுடன் எழுதவேண்டும். தெருவுக்கு ஒருவர், ஆணோ பெண்ணோ, எச்சாதியினரோ, முறைவைத்து அதனை வீடுவீடாகச் சொல்லி வரவேண்டும். எழுத்தறியாத மூதாட்டியின் வாசலுக்கே முதலில் போகவேண்டும். ஒருவர் தலையில் சுமத்தியிருந்த பணியை எல்லோரும் பகிர்ந்து செய்தால் அதுவே கூட்டுறவு. அடுத்த புயல் நம்மைக் கேட்டுக்கொண்டு வரப்போவதில்லை. பலகையை இம்மாதமே மாட்டுவோம்.