உடன்பாடு வந்தது, ஒப்புரவு வந்ததா?



பங்கில் சண்டை ஓய்ந்துவிட்டால் சமாதானம் வந்துவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். கூச்சல் இல்லை, வழக்கு இல்லை, காவல்துறை வாகனம் இல்லை. ஆகவே எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதிப் பெருமூச்சு விடுகிறோம். ஆனால் சண்டை ஓய்வது வேறு, காயம் ஆறுவது வேறு. நம் அண்டை மாநிலமான கேரளத்தின் எர்ணாகுளம்-அங்கமாலி உயர்மறைமாவட்டம் இவ்வேறுபாட்டை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

நடந்தது என்ன? சீரோ மலபார் திருஅவைக்கு 35 மறைமாவட்டங்கள் உள்ளன. அவற்றில் திருப்பலி நிறைவேற்றும் முறை இடத்திற்கு இடம் வேறுபட்டிருந்தது. சில இடங்களில் அருள்பணியாளர் பீடத்தை நோக்கி நின்றார். எர்ணாகுளத்தில் ஏறத்தாழ 50 ஆண்டுகளாக மக்களை நோக்கி நின்றார். இரண்டையும் இணைக்கும் நோக்குடன் அத்திருஅவையின் ஆயர் மாமன்றம் 1999இல் ஒரு முடிவெடுத்தது. இறைவார்த்தை வழிபாட்டின்போது மக்களை நோக்கியும், நற்கருணை மன்றாட்டின்போது பீடத்தை நோக்கியும், நற்கருணை விருந்துக்குப் பின் மீண்டும் மக்களை நோக்கியும் நிற்பது என்பதே அது. 2021 ஆகஸ்டில் கூடிய மாமன்றம், அவ்வாண்டு நவம்பர் 28 முதல் எல்லா மறைமாவட்டங்களும் இதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று அறிவித்தது. எர்ணாகுளத்தின் பெரும்பாலான அருள்பணியாளர்களும் இறைமக்களில் பலரும் ஏற்க மறுத்தனர்.

இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. உலகெங்கும் பரவியுள்ள ஒரு திருஅவை ஒரே முறையில் வழிபட வேண்டும், மாமன்றம் கூடி எடுத்த முடிவை எல்லாரும் மதிக்க வேண்டும் என்றனர் ஒரு தரப்பினர். இரண்டு தலைமுறைகள் செபித்துப் பழகிய முறையை எங்களைக் கேளாமலேயே மாற்றலாமா என்றனர் மறு தரப்பினர். இப்படிப்பட்ட கருத்து வேறுபாட்டைப் பேசித் தீர்க்க முடியாதா? முடியும், நம்பிக்கை இருந்தால்! ஆனால் உயர்மறைமாவட்ட நிலங்கள் விற்கப்பட்ட விதம் குறித்து 2017இல் எழுந்த சர்ச்சை, தலைமைக்கும் மக்களுக்கும் இடையே இருந்த நம்பிக்கையை முன்பே அரித்துவிட்டிருந்தது. அருள்பணியாளர் எப்பக்கம் திரும்பி நிற்பது என்ற கேள்வி, யாரை நம்புவது என்ற கேள்வியாக மாறிப்போனது.

அதன் விளைவை நாம் வேதனையோடு பார்த்தோம். 2022 டிசம்பரில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நாளில், எர்ணாகுளம் புனித மரியா பேராலயத்தின் பீடத்தருகே கத்தோலிக்கர்களே ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டனர். காவல்துறை உள்ளே வந்தது. சமாதானத்தின் அரசர் பிறந்த நாளில் பேராலயம் பூட்டிக் கிடந்தது. 2023 ஆகஸ்டில் திருத்தந்தையின் பிரதிநிதியாக வந்த பேராயர் சிரில் வாசில், எதிர்ப்புக் குரல்களுக்கு நடுவே காவல்துறைப் பாதுகாப்புடன் அப்பேராலயத்திற்குள் செல்ல வேண்டியதாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் இம்மக்களுக்கென்றே காணொளிச் செய்தி அனுப்பி, ஒன்றிப்பை முறித்துவிட வேண்டாம் என்று மன்றாடினார். குருப்பட்டத்திற்கு ஆயத்தமாயிருந்த தியாக்கோன்கள் பல மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. 2025 ஜனவரியில் பேராயர் இல்லத்தில் உண்ணாநோன்பிருந்த அருள்பணியாளர்களைக் காவல்துறை வெளியேற்றியது.

அதே மாதத்தில் தலச்சேரிப் பேராயர் ஜோசப் பாம்ப்ளானி, உயர் பேராயரின் பதிலாளாகப் பொறுப்பேற்று, எல்லாத் தரப்பினருடனும் பேசத் தொடங்கினார். 2025 ஜூனில் உடன்பாடு ஏற்பட்டது. புனித தோமையாரின் விழாவான ஜூலை 3 முதல், ஒவ்வொரு பங்கிலும் ஞாயிறு மற்றும் கடன் திருநாள்களில் குறைந்தது ஒரு திருப்பலி மாமன்றம் வகுத்த முறையில் நடைபெறும். ஏனைய திருப்பலிகள் மக்கள் பழகிய முறையில் தொடரும். இதற்காக நாம் இறைவனுக்கு நன்றி சொல்ல வேண்டும். கட்டளையாலும் தண்டனை எச்சரிக்கையாலும் ஆகாதது, உட்கார்ந்து பேசியதால் ஆயிற்று.

ஆயினும் இங்கேதான் நாம் கவனமாக இருக்க வேண்டும். ஒரு பங்கில் காலையில் ஒரு முறை, அடுத்த மணியில் மற்றொரு முறை என்றால், விருப்பத்திற்கேற்ப மக்கள் இரண்டாகப் பிரிந்து வரத் தொடங்கலாம். முதல் திருப்பலிக்கு வருபவர் இரண்டாம் திருப்பலிக்கு வருபவரைப் பார்க்கவே வேண்டியதில்லை. சண்டை இருக்காது, சந்திப்பும் இருக்காது. ஒரே கூரையின்கீழ் இரண்டு சபைகள் வளர்ந்துவிடும். திருப்பலி நேரங்களைப் பங்கிட்டுத் தருவதோடு உடன்பாட்டின் வேலை முடிகிறது. மனங்களைச் சேர்ப்பது அதற்குப் பிறகு தொடங்க வேண்டிய வேலை.

அதை எப்படிச் செய்வது? வழி அவர்களின் திருப்பலியிலேயே இருக்கிறது. நம் இலத்தீன் முறையில் நற்கருணை விருந்துக்குச் சற்று முன்பாக ஒருவருக்கொருவர் சமாதானம் கூறுகிறோம். சீரோ மலபார் முறையிலோ காணிக்கை மன்றாட்டின் மையப் பகுதிக்குள் நுழையும் முன்பே சமாதானம் வழங்கப்படுகிறது. பீடத்திலிருந்து வரும் அச்சமாதானத்தை, கைகளைத் தொட்டு ஒருவர் அடுத்தவருக்குக் கொடுக்கின்றார். காணிக்கை செலுத்துமுன் சகோதரரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளுங்கள் என்று ஆண்டவர் மலைப்பொழிவில் கற்பித்ததை இது நினைவூட்டுகிறது அல்லவா? அருள்பணியாளர் எத்திசை நோக்கி நின்றாலும், அந்த நேரத்தில் மக்கள் ஒருவர் மற்றவரை நோக்கித் திரும்பியே ஆக வேண்டும்! இத்திசையைப் பற்றி அங்கே எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

எனவே குணம்பெறுதல் மூன்று சிறு செயல்களில் தொடங்கலாம். முதலாவது, நடந்ததை நடந்தது என்று சொல்வது. பீடத்தருகே நிகழ்ந்த அவமதிப்பை மறந்துவிடுங்கள் என்று சொல்வதால் காயம் ஆறாது. இரு தரப்பும் சேர்ந்து பரிகாரம் செய்யும்போதே ஆறும். இரண்டாவது, திருப்பலிக்கு வெளியே ஒன்றாக உழைப்பது. நோயாளிகளைச் சந்திப்பதும், துக்க வீட்டில் செபமாலை சொல்வதும், மறைக்கல்வி கற்பிப்பதும் எந்த முறைக்கும் சொந்தமானவை அல்ல. மூன்றாவது, வென்றவர் தோற்றவர் என்ற பேச்சை நிறுத்துவது. தொடக்கத் திருஅவையில் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தபோது, திருத்தூதர்கள் முறையிட்டவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. மக்களையே கூட்டி, பணிக்கு எழுவரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். குறைசொன்னவரின் கையில் பொறுப்பைக் கொடுக்கத் துணிந்த சபை உடைந்து போகவில்லை, வளர்ந்தது.

இது அவர்கள் வீட்டுப் பிரச்சனை, நமக்கென்ன என்று நாம் இருந்துவிட முடியாது. தேர்த்திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை, கல்லறையில் யாருக்கு எந்த இடம், பங்குப்பேரவையில் எத்தெருவுக்கு எத்தனை பேர் என்ற கேள்விகளால் நம் பங்குகளிலும் பேச்சற்றுப்போன குடும்பங்கள் இல்லையா? சமரசக் கூட்டத்தில் கையெழுத்திட்ட தாள் பங்கு அலுவலகக் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. கையெழுத்திட்டவர்களோ கோவிலின் இரு ஓரங்களில் தனித்தனியே அமர்ந்திருக்கிறார்கள்.

வரும் ஞாயிறு சமாதானம் கூறும் வேளையில் வழக்கமாக நாம் வணங்கும் அதே இரண்டு மூன்று பேரோடு நின்றுவிடாமல், நாம் தவிர்த்துவரும் ஒருவரை நோக்கித் திரும்புவோம். எர்ணாகுளத்தின் இறைமக்களுக்காகவும், அருள்பணியாளர்களுக்காகவும், ஆயர்களுக்காகவும் அதே திருப்பலியில் மன்றாடுவோம். ஏற்பட்ட உடன்பாட்டை இறைவன் ஒப்புரவாக நிறைவுசெய்வாராக!