கார்பன் தேயாத மோட்டார்: திருத்தப் போவது யார்?

ஓகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவில் இருந்து வந்த உறவினர் ஒருவர் எங்கள் வீட்டுச் சிறுவனுக்கு ஒரு றிமோட் கார் கொண்டுவந்திருந்தார். கடைத்தெருவில் தொங்கும் பிளாஸ்டிக் சாமான் அல்ல, பந்தயத்துக்கு ஓட்டுகின்ற வகை. நெளுக்குளத்தின் செம்மண் ஒழுங்கையில் மூன்று நாள் புழுதி கிளப்பியது. நான்காம் நாள் விசையை அமத்தினால் நடுங்கியதே தவிர நகரவில்லை. மோட்டார் வைண்டிங் செய்யும் அண்ணை ஒருவரிடம் கொண்டுபோனேன். முப்பது வருடமாகத் தண்ணீர் மோட்டாரும் கிறைண்டரும் திருத்துகிறவர். மோட்டாரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதில கார்பன் எங்க கிடக்கு?"

கார்பன் இல்லை. மூன்று தடித்த வயர்கள் மட்டும் ஒரு சிறிய கறுப்புப் பெட்டிக்குப் போயின. "மோட்டார் நல்லாத்தான் கிடக்குது போல. ஆனா அந்தப் பெட்டிக்குள்ள என்ன நடக்குதெண்டு எனக்குத் தெரியாது" என்று சொல்லித் திருப்பித் தந்தார். காசும் வாங்கவில்லை.

ஒரு விளையாட்டுக் காரைப் பற்றி இவ்வளவு எழுதுவானேன் என்று கேட்கலாம். மின் மோட்டார் சைக்கிள், மின் ஓட்டோ, மின்சாரச் சக்கர நாற்காலி என்று வன்னிக்குள் இப்போது வந்துகொண்டிருக்கும் பலவற்றுக்குள்ளும் இருப்பது இதே மோட்டாரும் இதே கறுப்புப் பெட்டியும்தான். அவை பழுதானால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தக் கடையில் கிடைத்த பதில் ஒரு முன்னறிவிப்பு.

பழைய வகை மோட்டாரில் சுருள் சுழலும், காந்தம் அசையாது. சுழலும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்க இரண்டு கார்பன் துண்டுகள் அதன் செப்புத் தலையில் உரசிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் பொறி பறக்கும், சூடேறும், கார்பன் தேயும். புதிய வகையில் எல்லாம் தலைகீழ். சுருள் அசையாமல் இருக்கும், காந்தம் சுழலும். உரசுவதற்கு எதுவுமில்லை. எந்தச் சுருளுக்கு எந்தக் கணத்தில் மின்சாரம் போக வேண்டும் என்பதைக் கார்பனுக்குப் பதிலாக அந்தப் பெட்டி, அதாவது கொன்ட்ரோலர், தீர்மானிக்கிறது. வில்சன், டிரிக்கி என்ற இரு அமெரிக்கப் பொறியியலாளர்கள் இந்த ஏற்பாட்டை 1962இல் விபரித்தார்கள். 1980களில் நியோடிமியம் காந்தம் வந்த பிறகுதான் அது சிறிய உருவத்தில் பெரிய பலம் தரத் தொடங்கியது.

எங்களுக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி வன்னிக்குள் போகமுடியாத பொருட்களில் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்த டைனமோவுக்குள்ளும் கார்பன் கிடையாது. நடுவில் காந்தம் சுழலும், சுற்றிவர அசையாத சுருள். சுற்றினால் மின்சாரம் வரும் அந்த அமைப்புக்கு ஒழுங்காக மின்சாரம் கொடுத்தால் அது சுற்றும். அடிப்படை அவ்வளவுதான். சிக்கல் முழுவதும் அந்த 'ஒழுங்காக' என்ற சொல்லுக்குள் இருக்கிறது.

அந்தச் சிக்கலை முதலில் அனுபவித்தவர்களில் றிமோட் கார்ப் பந்தயக்காரர்களும் அடங்குவர். இருபது வருடங்களுக்கு முன்புவரை அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் அவர்கள் ஓட்டியது '540' என்று அழைக்கப்படும் அளவிலான கார்பன் மோட்டார். சாதாரணப் பிரிவில் 27 சுற்று வைண்டிங். சில ஓட்டங்களுக்கு ஒருமுறை மோட்டாரைக் கழற்றி, கைக்கடக்கமான கடைசல் இயந்திரத்தில் செப்புத் தலையைச் சீவி, புதிய கார்பன் போட்டு, சுருள்வில்லின் இறுக்கத்தைச் சரிபார்ப்பார்கள். பணமும் நேரமும் உள்ளவர் வென்றார். பிள்ளைகளும் புதியவர்களும் பின்தங்கினார்கள்.

2000களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் நோவாக் போன்ற கொம்பனிகள் கார்பன் இல்லாத மோட்டாரைச் சாதாரணப் பந்தயக்காரருக்கு ஏற்ற விலையில் கொண்டுவந்தன. அமெரிக்காவில் இந்தப் பந்தயத்தை நடத்தும் றோர் அமைப்பு சில வருடங்களில் அதற்கு இடம் கொடுத்தது. 27 சுற்றுக்குப் பதில் 13.5 சுற்றும் 17.5 சுற்றும் புதிய பிரிவுகளாயின. கடைசல் இயந்திரங்கள் மேசையில் இருந்து மறைந்தன. பெட்டிக்குள் இருந்து வாங்கிய மோட்டார் அப்படியே பல மாதங்கள் ஓடியது. இனி எல்லோரும் சமம் என்றுதான் நினைத்தார்கள்.

சமம் நீடிக்கவில்லை. 2009, 2010 அளவில் கொன்ட்ரோலர் தயாரிப்பாளர்கள் மென்பொருளில் கைவைத்தார்கள். வேகம் ஏற ஏற, சுருளுக்கு மின்சாரம் போகும் கணத்தைச் சற்று முன்தள்ளினால் அதே மோட்டார் இன்னும் வேகமாகச் சுற்றும். வெளியே 17.5 சுற்று என்று எழுதியிருக்கும் மோட்டார், உள்ளே அதைவிடப் பலமான மோட்டாரைப் போல ஓடியது. செப்பையும் காந்தத்தையும் அளந்து பார்த்த பரிசோதகருக்கு எதுவும் அகப்படவில்லை. கூடுதல் பலம் மோட்டாரில் இல்லை, பெட்டிக்குள் இருந்த கட்டளையில் இருந்தது. கடைசியில் அந்த முன்தள்ளலை முற்றாக நிறுத்திவைக்கும் பிரிவொன்றை உருவாக்கினார்கள். நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதற்கு அடையாளமாகக் கொன்ட்ரோலரில் ஒரு சிறு விளக்கு மினுக்க வேண்டும். அந்த விளக்கை மினுக்க வைப்பதும் அதே மென்பொருள்தான் என்பதால் சந்தேகப் பேச்சு ஓயவில்லை என்பது வேறு கதை.

இந்தப் பழைய விளையாட்டுச் சண்டையை வாசித்துக்கொண்டிருந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது கொழும்புத் துறைமுகம். 2025இன் நடுப்பகுதியில் பிவைடி மின்கார்களை இலங்கைச் சுங்கம் தடுத்து வைத்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்ட பிறகு எழுந்த பெரிய சர்ச்சைகளில் அது ஒன்று. மின்காருக்கான உற்பத்தி வரி மோட்டாரின் கிலோவாட் அளவைப் பார்த்து விதிக்கப்படுகிறது. 100 கிலோவாட் என்று அறிவிக்கப்பட்ட மோட்டார்கள் உண்மையில் 150 கிலோவாட் கொண்டவையா என்பது சுங்கத்தின் கேள்வி. இறக்குமதியாளர் தரப்பு அதை மறுத்து மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றது. வங்கி உத்தரவாதத்தின் பேரில் கார்களை விடுவிக்கும் ஏற்பாடு வந்தது.

அந்த வழக்கில் யார் சரி என்பது என் விடயம் அல்ல. ஒரே மோட்டாரை மென்பொருள் மூலம் குறைந்த பலத்துக்கும் கூடிய பலத்துக்கும் ஓட்ட முடியும் என்றால், 'இந்த மோட்டாரின் பலம் எவ்வளவு?' என்ற கேள்விக்குக் கண்ணால் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. பந்தயத் திடலில் பதினைந்து வருடங்களுக்கு முன் எழுந்த கேள்வி கோடிக்கணக்கான ரூபா வரியோடு எங்கள் நாட்டுக்கு வந்திருக்கிறது. பெரிய கொம்பனிக்கும் சுங்கத்துக்கும் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், நிபுணர்கள் இருக்கிறார்கள். ஒழுங்கையில் ஓடும் வண்டிக்கு?

2022இல் கியூஆர் அட்டையைக் காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நாலு லீற்றர், ஓட்டோவுக்கு ஐந்து லீற்றர் பெற்றோல் வாங்கிய நாட்களை யாரும் மறக்கவில்லை. அந்த வரிசையில் நின்றவர்களுக்கு மின்வண்டி ஆசை வந்தது நியாயம். அதற்கு முன்பே இந்த மோட்டாரை நம்பியிருப்பவர்களும் எங்கள் மத்தியில் உண்டு. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள், கால் இழந்தவர்கள். கனமான பழைய வகை மின்சார நாற்காலிகளில் பெரும்பாலும் கார்பன் மோட்டார். வெளிப்புற மூடியைத் திருகிக் கழற்றி, தேய்ந்த கார்பனை மாற்றிவிடலாம். இப்போது வெளிநாட்டு உறவினரும் உதவி அமைப்புகளும் அனுப்பக்கூடிய மடக்கும் வகை இலேசான நாற்காலிகள் பலவற்றில் கார்பன் இல்லாத மோட்டார். இலேசு, சத்தம் குறைவு, பற்றரியும் கூட நேரம் நிற்கும். ஆனால் கொன்ட்ரோலர் எரிந்தால் அந்த மனிதர் வீட்டை விட்டு வெளியே வர முடியாது. அனுப்பியவர் லண்டனில், உதிரிப்பாகம் சீனாவில். விளையாட்டுக் கார் நின்றால் ஒரு பிள்ளை அழும். நாற்காலி நின்றால் ஒருவருடைய கிளினிக் போகும் நாளும் கடைக்குப் போகும் வழியும் நிற்கும்.

காந்தத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. சூடேறினாலும் பலம் இழக்காமல் இருக்க இந்தக் காந்தங்களில் டிஸ்புரோசியம், டெர்பியம் போன்ற அருமண் தனிமங்கள் சேர்க்கப்படுகின்றன. 2025 ஏப்ரலில் சீனா அவை உட்பட ஏழு தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டபோது இந்தியாவின் வாகனத் தொழிற்சாலைகளே கலங்கின. கார்பனைத் தட்டுப்பாட்டுக் காலத்தில் பழைய டோர்ச் பற்றரியின் கம்பியை அராவிச் சமாளித்தவர்கள் இருந்தார்கள். காந்தத்தை அப்படி அராவ முடியாது.

இதற்காகப் புதிய வகையே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விளம்பரத்தைப் பார்த்து ஏமாறவும் தேவையில்லை. 'பிறஷ் இல்லாத ஃபேன்' என்று விற்கிறார்களே, வீட்டில் சுற்றும் பழைய சீலிங் ஃபேனிலும் கார்பன் கிடையாது. புதியதின் உண்மையான இலாபம் வேறு: பழையது 70, 75 வாட் இழுக்கும் இடத்தில் புதியது ஏறத்தாழ 30 வாட்டில் ஓடும். 2022 ஓகஸ்டில் 75 வீதம், 2023 பெப்ரவரியில் 66 வீதம் என்று மின்கட்டணம் ஏறியதைக் கண்டவர்களுக்கு அது பெரிய விடயம்தான். அதற்குள்ளும் ஒரு பெட்டி இருக்கிறது, மின்னல் அடித்தால் முதலில் போவது அதுதான்.

அந்தப் பெட்டி மந்திரப் பெட்டி அல்ல. மின்வண்டிச் சில்லு இறுகிப்போனால் பற்றரியைக் கழற்றிவிட்டு, மோட்டாரின் மூன்று வயர்களையும் கொன்ட்ரோலரில் இருந்து கழற்றிச் சில்லைச் சுற்றிப் பார்க்க வேண்டும். இலேசாகச் சுற்றினால் மோட்டார் சுகம், பெட்டிக்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் மொஸ்ஃபெட்டுகள் எரிந்திருக்கலாம். அப்போதும் இறுகிக் கிடந்தால் சுருள் எரிந்திருக்கலாம், அல்லது பெயாரிங் போயிருக்கலாம். சுருள் என்றால் அது வைண்டிங் தெரிந்தவரின் வேலை. மொஸ்ஃபெட்டைக் கழற்றிப் போடுவது ஈயப்பற்று வைக்கத் தெரிந்த, போன் திருத்தும் பிள்ளையின் வேலை. வவுனியா நகரில் இந்த இரண்டு கடைகளும் உண்டு. ஒன்றோடொன்று பேசுவதில்லை.

நெளுக்குளத்தில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. 2009இல் சரணடைந்தவர்களைத் தடுத்துவைத்த இடங்களில் ஒன்று அது. அதே வளாகத்துக்கு இன்று பிள்ளைகள் தொழில் படிக்கப் போகிறார்கள். அதே மன்னார் வீதியில் பம்பைமடுவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமும் இயங்குகிறது. மின்வண்டிக் கொன்ட்ரோலர் திருத்த ஆறு வாரப் பயிற்சி ஒன்று, வைண்டிங் அண்ணைமாரையும் போன் கடைப் பிள்ளைகளையும் ஒரே வாங்கில் இருத்தி, இந்த இரண்டு இடங்களில் ஒன்றில் நடக்க முடியாதா? வாழ்வாதார உதவி என்று தையல் இயந்திரமும் கோழிக்குஞ்சும் கொடுத்துப் பழகிய அமைப்புகள், ஒரு மல்டிமீற்றரும் நல்ல ஈயப்பற்றுக் கருவியும் கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். செலவு ஒரு பசுமாட்டை விடக் குறைவு.

கார் விடயத்துக்கு வருகிறேன். ஒரு வாரம் கழித்து, வாசித்தறிந்ததை எழுதிக்கொண்டு அதே அண்ணையிடம் போனேன். வயர்களைக் கழற்றிக் கையால் சுற்றினார், இலேசாகச் சுற்றியது. மீற்றரில் இரண்டிரண்டாக மூன்று வயர்களையும் பார்த்தார், மூன்று முறையும் ஒரே அளவு. "அப்ப மோட்டாரில ஒண்டுமில்லை" என்றவர் பெட்டியைத் திறந்தார். மூன்று வயர்களில் ஒன்று ஈயப்பற்றில் விட்டுப்போய்க் கிடந்தது. இரண்டு நிமிட வேலை.

இந்த முறை இருநூறு ரூபா வாங்கினார்.